பேசாச் சிசுவும் கேளா ஒலியும்

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்பது நம் முன்னோர் வாக்கு. பசித்தால் அழுது பால் கேட்கவும், நொந்தால் நொந்த இடத்தைக் காட்டவும் வல்ல பிள்ளைக்கு அவ்வாக்கு முற்றும் பொருந்தும். ஆனால், பிறந்து ஒரு நாள்தானும் ஆகாத, இரண்டு உள்ளங்கைகளுள் அடங்கிவிடக்கூடிய குறைமாதச் சிசுவொன்று திடீரென நீலம் பாய்ந்து சோர்ந்துவிடுமாயின், அது யாரிடம் எதைச் சொல்லும்? அழுவதற்குக்கூட அதற்கு மூச்சுப் போதாது.

அவ்வேளையில் அருகே நிற்கும் வைத்தியரின் உள்ளத்தில் எழும் வினாக்கள் பல. சுவாசப்பை விரியவில்லையா? நெஞ்சறையிற் காற்றுக் கசிந்து சுவாசப்பையை அமுக்குகின்றதா? இருதயம் தளர்ந்துவிட்டதா? மூளையினுள் இரத்தம் கசிகின்றதா? அன்றிக் கிருமிகள் இரத்தத்திற் கலந்து உடலெங்கும் பரவிவிட்டனவா? இவ்வைந்தும் வெளியே காட்டும் குறிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையோ ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒன்றுக்கு உயிர்தரும் மருந்து மற்றொன்றுக்குப் பயனற்றுப் போகலாம், தீங்காகவும் முடியலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் பிறந்து ஒரு மாதம் நிறையுமுன் இறந்த சிசுக்கள் ஏறக்குறைய 23 இலட்சம். நாளொன்றுக்கு 6,000க்கும் மேற்பட்ட தொட்டில்கள் வெறுமையாயின என்பது இதன் பொருள். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று, பிறவிக் குறைகள் என்பனவே இம்மரணங்களுக்குப் பெருங் காரணங்கள்.

வாய் திறந்து பேசாத இச்சிசுக்களின் உடலுக்குள் என்ன நிகழ்கின்றது என்பதை, அவற்றைக் கட்டிலைவிட்டு அசைக்காமல், ஊசியேற்றாமல், அந்த நிமிடத்திலேயே அறிந்துகொள்ள இன்று ஒரு வழி உண்டு. கருவுற்ற தாய்மார் தம் வயிற்றிலுள்ள குழந்தையைத் திரையிற் கண்டு மகிழ்கின்றார்களே, அதே ‘ஸ்கான்’ கருவிதான் அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அது எங்ஙனம் உயிர்காக்கும் துணையாயிற்று என்பதையும், அதன் எல்லை யாது என்பதையும் இங்கு நோக்குவோம்.

ஒரு ஜனாதிபதியின் மைந்தன்

1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி ஜோன் கென்னடிக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. பற்றிக் எனப் பெயரிடப்பட்ட அக்குழந்தை ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தது. நிறை ஏறக்குறைய 4 றாத்தல் 10 அவுன்ஸ். அஃதாவது 2 கிலோகிராமுக்குச் சற்று அதிகம். இன்றைய கண்கொண்டு நோக்கினால் இது மிகச் சிறிய சிசு அன்று. ஆயினும் பிறந்த சிறிது நேரத்திலேயே அது மூச்சுவிட இடர்ப்பட்டது. பொஸ்ரன் நகரின் புகழ்பெற்ற குழந்தைகள் வைத்தியசாலைக்கு விரைவாகக் கொண்டுசெல்லப்பட்டது. நாட்டின் சிறந்த வைத்தியர்கள் சூழ்ந்து நின்றனர். பிறந்து 39 மணி நேரத்தில் அச்சிசு கண் மூடியது.

அந்நோயின் காரணம் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. நமது சுவாசப்பைகள் கோடிக்கணக்கான சிற்றறைகளால் ஆனவை. அச்சிற்றறைகளின் உட்சுவரில் ஈரம் உண்டு. ஈரத்தின் பரப்பிழுவிசை சிற்றறையைச் சுருக்கி மூடப் பார்க்கும். அவ்வாறு மூடிவிடாமற் காப்பது சவர்க்காரம்போல் இழுவிசையைக் குறைக்கும் ஒரு கொழுப்புப் பொருள். ‘சர்பக்டன்ட்’ என்பது அதன் பெயர். கருவிலுள்ள குழந்தையின் சுவாசப்பையில் அது போதிய அளவிற் சுரப்பது கருக்காலத்தின் இறுதி வாரங்களிலேயாகும். முந்திப் பிறக்கும் சிசுவிடம் அது குறைவாக இருப்பதே மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்பதை 1959ஆம் ஆண்டில் மேரி எலன் ஏவரி என்னும் பெண் வைத்தியரும் ஜியர் மீட் என்பவரும் வெளியிட்டனர். ஆனால் மருந்து கைக்கு வர மேலும் 21 ஆண்டுகள் சென்றன. 1980இல் ஜப்பானிய வைத்தியர் புஜிவாராவும் அவர் தோழர்களும் 10 சிசுக்களின் சுவாசக் குழாயினுள் அப்பொருளைச் செலுத்தி, அவை தேறியதைக் கண்டனர்.

மருந்து கிடைத்ததும் அடுத்த வினா எழுந்தது. எந்தச் சிசுவுக்கு அதனைக் கொடுப்பது, எந்த மணியிற் கொடுப்பது? காலந் தாழ்த்தினால் பயன் குறையும். வேண்டாத சிசுவுக்குக் கொடுப்பதாயின், அதன் சுவாசக் குழாயினுள் வீணே குழாய் நுழைக்க நேரும். உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதை உடனுக்குடன் காணவேண்டிய தேவை இங்ஙனம் வலுப்பெற்றது.

கப்பல் கட்டும் துறையிலிருந்து

மனிதர் செவி ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் மீடிறன் வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டதைக் கழியொலி என்பர். சிசுக்களின் உடலை ஆராயப் பயன்படும் கழியொலியின் மீடிறன் பெரும்பாலும் 50 இலட்சம் ஹேர்ட்சுக்கும் மேற்பட்டது. இத்தகைய ஒலியை எழுப்பும் வித்தைக்கு வித்திட்டவர்கள் பிரான்சு தேசத்துச் சகோதரர்களான ஜாக் கியூரியும் பியேர் கியூரியுமாவர். சில பளிங்குகளை அமுக்கினால் அவற்றில் மின் தோன்றுகின்றது என்பதை அவர்கள் 1880இற் கண்டனர். மின்னைச் செலுத்தினால் அதே பளிங்கு அதிரும். அதிர்ந்து ஒலி எழுப்பும். ஒலி திரும்பிவந்து மோதினால் மீண்டும் மின் பிறக்கும். ஒரே பளிங்கு வாயாகவும் செவியாகவும் தொழிற்படுவது எத்துணை விந்தை! முதலாம் உலக யுத்தத்தின்போது போல் லாஞ்செவின் என்னும் விஞ்ஞானி இதனைக்கொண்டு கடலடியில் மறைந்துவரும் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட முயன்றார்.

யுத்தக் கருவி தொழிற்சாலைக் கருவியாயிற்று. இரும்புத் தகட்டினுள் மறைந்திருக்கும் வெடிப்பைக் கண்டறியக் கப்பல் கட்டுவோர் அதனைப் பயன்படுத்தினர். சுவீடன் தேசத்து லுண்ட் நகரிலே இங்கே எட்லர் என்னும் இருதய வைத்தியரும், ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்னும் பௌதிக விஞ்ஞானியும் நண்பர்களாயினர். 1953இல் அவ்விருவரும் மால்மோ நகரின் கப்பல் கட்டுந்துறையிலிருந்து அத்தகைய கருவியொன்றை இரவல் வாங்கி, மனித நெஞ்சின்மீது வைத்துத் துடிக்கும் இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று வைத்தியரான இயன் டொனல்ட் என்பவர், இரும்பிற் குறைகாணும் கருவியையே அடிப்படையாகக் கொண்டு வயிற்றினுள் நோக்கும் முறையை வளர்த்து, 1958இல் உலகறிய வெளியிட்டார்.

கருவியின் தத்துவம் கிணற்றினுள் குரல்கொடுத்து எதிரொலி கேட்பது போன்றதே. மென்மையான உடற்பகுதிகளில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர் வேகத்திற் செல்லும். தோலிலிருந்து 3 சென்றிமீற்றர் ஆழத்திலுள்ள ஓர் உறுப்பில் மோதி மீளும் ஒலி, போகவும் வரவும் 6 சென்றிமீற்றர் செல்லவேண்டும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: அதற்கு எடுக்கும் நேரம் ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அவற்றுள் 39 பங்கு. இந்நேரத்தை அளந்து தூரத்தைக் கணித்து, எதிரொலியின் வன்மைக்கேற்பத் திரையில் ஒளிப்புள்ளிகளை வரைந்துவிடுகின்றது யந்திரம். செக்கனுக்குப் பல முறை அவ்வாறு வரைவதால், துடிக்கும் இருதயம் துடிக்கும் நிலையிலேயே தோன்றுகின்றது.

மீடிறன் கூடினால் படம் நுட்பமாகும். ஆனால் ஒலி ஆழமாகச் செல்லாது. பெரியவர்களைப் பொறுத்தவரை இது ஒரு தடை. சிசுவின் உடலோ சிறியது. உறுப்புகள் தோலுக்கு அண்மையிலேயே உள்ளன. ஆகவே மிக உயர்ந்த மீடிறனைப் பயன்படுத்தி மிகத் தெளிவான படம் பெறலாம்.

உச்சிக்குழி என்னும் சாளரம்

தலையோட்டு எலும்பு கழியொலியைப் பெருமளவிற் தடுத்துவிடும். பெரியவர்களின் மூளையை இவ்வழியால் நன்கு காண இயலாமைக்கு இதுவே காரணம். ஆனால் சிசுவின் தலையிலே எலும்புகள் இன்னும் ஒன்றுகூடவில்லை. தாய்மார் எண்ணெய் வைக்கும்போது விரல் நுனிக்கு மெத்தெனத் தென்படும் உச்சிக்குழி, இயற்கை திறந்துவைத்த ஒரு சாளரமாகும்.

அச்சாளரத்தின் அருமையை உணர 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி உதவும். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், வைத்தியர் பப்பிலும் அவர் குழுவினரும் 1,500 கிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறந்த 46 சிசுக்களின் மூளையை, எக்ஸ் கதிர்களைக் கணினியோடு இணைத்துப் படம்பிடிக்கும் ‘சீரீ’ கருவியால் ஆராய்ந்தனர். 20 சிசுக்களின் மூளை அறைகளில் இரத்தக் கசிவு காணப்பட்டது. உயிர் தப்பியவற்றுள் 9 சிசுக்களுக்குக் கசிவு இருந்தது. அவற்றுள் 7 சிசுக்கள் அதற்குரிய குறி எதனையும் வெளியே காட்டவில்லை! எத்துணை கூர்ந்த கண்ணுடைய வைத்தியராயினும், வெளியிலிருந்து பார்த்து இதனை எங்ஙனம் அறிந்திருப்பார்?

ஆனால் அப்பெருங் கருவியிடம் சிசுவைக் கொண்டுபோக வேண்டும். வெப்பக் கூட்டிலிருந்து எடுத்து, சுவாச யந்திரத்தை இடம் மாற்றி, நடைவழிகளினூடே கொண்டுசெல்வது பலவீனமான சிசுவுக்குப் பெரும் ஆபத்து. அதற்கடுத்த ஆண்டே இலண்டன் நகர வைத்தியர்கள், கட்டிலருகே கழியொலியால் குறைமாதச் சிசுக்களின் மூளைக் காயங்களைக் கண்டறிந்த செய்தியை வெளியிட்டனர். நோயாளி கருவியை நாடிச் செல்லும் நிலை மாறி, கருவி நோயாளியை நாடி வரலாயிற்று. ஒரு முறை பார்த்ததோடு அமையாமல், இன்று, நாளை, மறுநாள் எனத் தொடர்ந்து பார்க்கவும் முடிந்தது.

அமுக்கமும் ஓட்டமும்

கருவிலிருக்கும் குழந்தை சுவாசப்பையால் மூச்சு விடுவதில்லை. சூல்வித்தகத்தின் வழியே தாயிடமிருந்து ஒட்சிசனைப் பெறுகின்றது. ஆகவே சுவாசப்பைக்குச் செல்லவேண்டிய இரத்தத்தின் பெரும்பகுதி, ‘நாடிக்கான்’ என்னும் ஒரு குறுக்குப் பாதையால் பெருநாடியை அடைந்துவிடும். நிறைமாதக் குழந்தை பிறந்து சில நாள்களுள் இப்பாதை தானாகவே மூடிக்கொள்ளும். குறைமாதச் சிசுவிலோ அது பல நாள்கள் திறந்தே கிடக்கலாம். அப்பொழுது இரத்தம் எதிர்த்திசையிற் பாய்ந்து சுவாசப்பையை வெள்ளக்காடாக்கும். குடலும் சிறுநீரகமும் வறட்சியுறும்.

இரத்தம் எந்தத் திசையில், எந்த வேகத்திற் பாய்கின்றது என்பதையும் கழியொலி காட்டும். நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதல் உரத்த சுருதியிலும், விலகிச் செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்தியான் டொப்ளர் 1842இல் விளக்கிய தத்துவம் இது. ஓடும் குருதிக் கலங்களிற் பட்டு மீளும் ஒலியும் அவ்வாறே சுருதி மாறுவதால், அதனைக்கொண்டு யந்திரம் ஓட்டத்தைக் கணிக்கின்றது.

இவ்வறிவை நோயாளிச் சிசுக்களின் படுக்கையருகே முழுமையாகப் பயன்படுத்திக் காட்டியோருள் முன்னிற்பவர்கள், அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த நிக் எவன்ஸ், மார்ட்டின் குளக்கோ என்னும் சிசு வைத்தியர்கள். அதுகாறும் சிசுவின் இரத்த ஓட்டம் போதுமா என்பதை இரத்த அமுக்கத்தைக் கொண்டே பெரும்பாலும் தீர்மானித்தனர். அமுக்கமும் ஓட்டமும் ஒன்றா? தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் இறப்பர்க் குழாயின் வாயைப் பெருவிரலால் அடைத்துப் பாருங்கள். குழாயினுள் அமுக்கம் கூடும். பயிருக்குப் போய்ச் சேரும் நீரோ குறையும். சிசுவின் இரத்தக் குழாய்கள் ஒடுங்கும்போதும் இதுவே நிகழும். அளவு கருவியில் எண் நன்றாயிருக்கும். மூளைக்குச் செல்லும் குருதி குறைந்திருக்கும்.

அப்படியாயின் எதனை அளப்பது? நாடிக்கான் திறந்திருக்கையில், இருதயம் வெளியேற்றும் குருதியை அளந்தும் பயனில்லை. அதில் ஒரு பங்கு சுவாசப்பைக்கே கசிந்துவிடுகின்றது. எனவே அவர்கள் தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் குருதியை இருதயத்துக்கு மீட்டுக்கொணரும் மேற்பெருநாளத்தின் ஓட்டத்தை அளந்தனர். மூளைக்குப் போன குருதி எவ்வளவு என்பதைத் திரும்பி வருவதைக்கொண்டு மதிப்பிடுவதே இதன் உட்கருத்து.

2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், 30 வாரம் நிறையுமுன் பிறந்த 126 சிசுக்கள் பிறந்த 5ஆம், 12ஆம், 24ஆம், 48ஆம் மணிகளில் ஆராயப்பட்டன. முதல் அரை நாளில் பல சிசுக்களின் ஓட்டம் மிகத் தாழ்ந்து, பின்னர் மெல்லத் தேறியமை புலனாயிற்று. மூளையில் பின்னர் கசிவுற்ற சிசுக்களுள் பெரும்பாலானவை, முன்னர் அவ்வாறு ஓட்டம் தாழ்ந்திருந்தவையே. கசிவு நிகழ்ந்ததோ ஓட்டம் தாழ்ந்திருந்த வேளையிலன்று. மீண்டும் பெருகிய பின்னர்! வறண்டு வெடித்துக் கிடந்த வாய்க்காலில் வெள்ளம் வந்தால் கரை உடைவதைப் போன்றது இது. ஒரு முறை மட்டும் பார்த்திருப்பின் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. அதே சிசுவை மணிக்கு மணி பார்த்தமையாலேயே நோயின் கதை முதலிலிருந்து முடிவுவரை தெரிந்தது.

காற்றினுள்ளே காணும் கலை

சுவாசப்பையைக் கழியொலியாற் காண முடியாது என்பதே நெடுங்காலம் வைத்திய நூல்கள் கொண்டிருந்த கொள்கை. காற்று கழியொலியை முற்றாகத் திருப்பி அனுப்பிவிடுமாதலால், திரையில் வெறும் பொய்த் தோற்றங்களே தெரியும். பிரெஞ்சு வைத்தியர் டானியல் லிஷ்டன்ஸ்டைன் இப்பொய்த் தோற்றங்களையே கூர்ந்து நோக்கினார். நலமுள்ள சுவாசப்பையின் பொய்த் தோற்றம் ஒரு விதமாகவும், நோயுற்றதன் தோற்றம் வேறு விதமாகவும் இருக்கக் கண்டார். பிறர் குப்பையெனத் தள்ளியதிலிருந்து அவர் ஒரு மொழியை உருவாக்கிவிட்டார்.

அம்மொழியின் எழுத்துகள் சிலவே. நெஞ்சறைச் சுவரோடு சுவாசப்பை உராயும் இடம் ஒரு வெண்கோடாகத் தெரியும். ஒவ்வொரு மூச்சுக்கும் அது பளபளவென வழுக்கி அசையும். அதன் கீழே குறுக்குக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அங்கு காற்று நிறைந்துள்ளது. ஈரம் மிகுந்திருந்தால், வெண்கோட்டிலிருந்து ரோச் விளக்கின் கதிர்போல் நெடுங்கோடுகள் கீழ்நோக்கிப் பாயும். ஈரம் கூடக் கூட அவை ஒன்றோடொன்று கலந்து திரையையே வெண்மையாக்கும். வெண்கோட்டின் வழுக்கல் அசைவு அற்றுப்போயின், இடையிற் காற்றுக் கசிந்துள்ளதோ என ஐயுறவேண்டும்.

சிசுக்களின் மூச்சுத் திணறலுக்கு இரண்டு காரணங்கள் பெரிதும் குழப்பந் தருவன. ஒன்று முன்னர்க் கூறிய சர்பக்டன்ட் குறைபாடு. மற்றையது, கருவிலிருந்தபோது சுவாசப்பையில் நிறைந்திருந்த நீர் வற்றத் தாமதித்தல். இது பெரும்பாலும் ஓரிரு நாள்களில் தானே தேறிவிடும். 2007இல் இத்தாலிய வைத்தியர்கள் கொப்பெத்தியும் கத்தரோசியும், நீர் வற்றாச் சுவாசப்பையின் கீழ்ப்புறம் நெருங்கிய வெண்கதிர்களும், மேற்புறம் அருகிய கதிர்களும் கொண்டு, இரண்டுக்குமிடையே தெளிவான எல்லையுடன் விளங்கக் கண்டு எழுதினர். சர்பக்டன்ட் குறைந்த சுவாசப்பையோ பொதுவாக எல்லாப் பக்கமும் ஒரே வெண்மையாக இருக்கும்.

பிரான்சில் 2015இல் வெளியான ஆராய்ச்சியொன்று இதனை எண்களாகவே மாற்றியது. ஒவ்வொரு சுவாசப்பையையும் மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளியிட்டால் மொத்தம் 18. புள்ளி உயர உயர நோய் கடிது. எச்சிசுவுக்கு சர்பக்டன்ட் தேவைப்படும் என்பதைப் பிறந்த சில மணிக்குள்ளேயே முன்னுணர இது உதவுகின்றது. மருந்தை யாருக்கு, எப்பொழுது கொடுப்பது என்ற பழைய வினாவுக்கு இவ்வாறு ஒரு விடை கிடைத்தது. இதன்பொருட்டு எக்ஸ் கதிர்ப் படங்களின் தொகை குறைவது மற்றுமொரு நன்மை. கழியொலியில் அத்தகைய கதிர்வீச்சு இல்லை.

நிமிடங்களே உயிராகும் வேளை

சிறிய சிசுக்களுக்கு உணவூட்ட, மயிர் போன்ற நுண்குழாயொன்றை நாளத்தினூடே இருதயத்துக்கு அண்மை வரை செலுத்துவது வழக்கம். மிக அரிதாக, அக்குழாயின் நுனியிலிருந்து ஊட்ட நீர் கசிந்து, இருதயத்தைச் சூழ்ந்த பையினுள் நிறைந்துவிடும். பை நிறைய நிறைய இருதயம் விரிய இடமின்றி நெருக்குண்ணும். நேற்றுவரை நலமாயிருந்த சிசு சில நிமிடங்களில் துவண்டுபோகும். நெஞ்சை அமுக்கியும் பயனில்லை. மருந்து செலுத்தியும் பயனில்லை. பையிலுள்ள நீரை ஊசியால் வாங்கிவிட்டாலோ, இருதயம் விடுபட்டு மீண்டும் துடிக்கும். இங்கு படப்பிரிவுக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க நேரமேது? நெஞ்சின்மீது கைக்கருவியை வைத்த சில செக்கன்களில், இருதயத்தைச் சுற்றிக் கரிய வளையம் தோன்றக் காணலாம். ஊசி செல்லும் பாதையையும் அதே திரையிற் பார்த்துச் செலுத்தலாம்.

நுண்குழாயின் நுனி எங்கே நிற்கின்றது, கொப்பூழ் வழியாகச் செலுத்திய குழாய் சரியான இடத்தை அடைந்ததா, குடலுக்கு இரத்தம் பாய்கின்றதா, சிறுநீர்ப்பையில் நீர் உள்ளதா என்பன போன்ற சிறு வினாக்களுக்கும் அங்ஙனமே உடன் விடை கிடைக்கும்.

காண்பது வேறு, செய்வது வேறு

இவ்வளவு நலமுடைய கருவிக்கு ஆபத்தே இல்லையா? உண்டு; அது ஒலியில் இருப்பதைவிட, பார்ப்பவரிடத்திலேயே மிகுதி. எக்ஸ் கதிர்ப் படத்தைப் பலர் கூடியிருந்து பின்னரும் ஆராயலாம். கழியொலிப் படமோ பிடிப்பவரின் கைத்திறனைப் பொறுத்தது. கை சற்றுச் சாய்ந்தால் உள்ளது மறையும், இல்லாதது தோன்றும். “ஒன்றுமில்லை” எனத் தவறாகக் கூறும் ஸ்கான், ஸ்கானே இல்லாமையினும் கொடிது.

ஆகவேதான் 2020இல் ஐரோப்பியக் குழந்தைத் தீவிர சிகிச்சைச் சங்கத்தின் சார்பில் பல நாட்டு அறிஞர்கள் கூடி, சிசுக்களுக்கும் சிறுவர்க்கும் படுக்கையருகே கழியொலியைப் பயன்படுத்துவது பற்றி 39 நெறிகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்று, தக்க விசேட பயிற்சி பெறாதவர்கள் பிறவி இருதயக் குறைகளை இக்கருவிகொண்டு நிர்ணயிக்கப் புகலாகாது என்பது. கட்டிலருகே நிற்கும் வைத்தியர் கேட்பது, “இந்த நிமிடத்தில் இருதயம் நன்கு சுருங்குகின்றதா?” என்னும் வினா. “இருதயத்தின் அமைப்பு முழுவதும் சரியானதா?” என்பது இருதய நிபுணர் விடைகூற வேண்டிய வினா. ஒருவர் மற்றவருக்கு மாற்றாளர் அல்லர். அவ்வாறே, உச்சிக்குழி வழியாகப் பெரிய கசிவுகள் தெளிவாகத் தெரியினும், மூளையின் நுண்ணிய காயங்கள் சில புலப்படா.

இன்னுமொரு பாடமும் உண்டு. நாடிக்கான் திறந்திருப்பதைக் கண்டவுடனே மருந்து கொடுத்து மூடிவிட வேண்டும் என்ற எண்ணம் பல காலம் நிலவியது. ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் நடைபெற்று 2023, 2024ஆம் ஆண்டுகளில் அச்சான பரிசோதனைகள், அவ்வாறு எல்லோருக்கும் முந்திக்கொண்டு மருந்து கொடுப்பதால் எதிர்பார்த்த நன்மை விளையவில்லை எனக் காட்டின. திறந்திருக்கின்றது என்பது ஒரு காட்சி. அது இச்சிசுவை வருத்துகின்றதா என்பதே கேள்வி. கண்ணாற் கண்ட ஒவ்வொன்றுக்கும் கை நீட்டுவது வைத்தியமாகாது.

நோயாளியோ மிகமிக மெல்லியது. குளிர்ந்த களியைத் தோலிற் பூசினால் அதன் உடற்சூடு குறையும். எனவே வெதுவெதுப்பான களியே வேண்டும். கருவி ஒரு சிசுவிலிருந்து மற்றொன்றுக்குக் கிருமியைக் கொண்டுசெல்லாதபடி ஒவ்வொரு முறையும் துடைத்துத் தூய்மையாக்க வேண்டும். கழியொலி இன்றுவரை தீங்கற்றதெனவே காணப்பட்டாலும், உடலிற் சிறிது வெப்பத்தை உண்டாக்க வல்லது. ஆதலால் தேவையான வினாவுக்கு விடை கிடைத்ததும் கருவியை எடுத்துவிடல் நன்று. சோர்ந்த சிசுவுக்குத் தாயின் கை படுவதே பெரிதாயிருக்கையில், ஆராய்ச்சி ஆவலால் நெடுநேரம் அதனை அலைக்கழித்தல் தகாது.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

தம் குழந்தையின் நெஞ்சிலும் தலையிலும் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை கருவி வைத்துப் பார்ப்பதைக் காணும் பெற்றோர், நோய் முற்றிவிட்டதெனப் பதறவேண்டியதில்லை. மாறும் நிலைமையை மாறுந்தோறும் அறிவதே அதன் நோக்கம். “இப்பொழுது எதனை அறிவதற்காகப் பார்த்தீர்கள்? என்ன தெரிந்தது? அதனாற் சிகிச்சையில் மாற்றம் உண்டா?” என வைத்தியரை அமைதியாகக் கேட்கலாம். இம்மூன்று வினாக்களுக்கும் விடை இருக்குமாயின் அந்த ஸ்கான் பயனுடையது. நல்ல வைத்தியர் பெற்றோர் கேட்குமுன்பே தம்மைத் தாமே இவ்வாறு கேட்டுக்கொண்டிருப்பார்.

வைத்தியத் துறையை நாடும் மாணவர்கள் மற்றொன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பளிங்கை அமுக்கிப் பார்த்த சகோதரர்கள் சிசுக்களை நினைத்து அதனைச் செய்யவில்லை. இரும்பின் வெடிப்பைத் தேடியவர்களும் உச்சிக்குழியை நினைக்கவில்லை. வேறொரு துறையிற் பிறந்த அறிவைத் தம் நோயாளியின் துன்பத்தோடு பொருத்திப் பார்த்த சிலரே இம்மாற்றத்தைச் செய்தனர். பௌதிகம் வேறு, வைத்தியம் வேறு எனப் பாடநூல்களில்தான் அட்டைகள் பிரிக்கின்றன.

கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வருகின்றன. ஒரு காலத்திற் பாரமான யந்திரமாயிருந்தது இன்று சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கும் வந்துவிட்டது. விலை குறையலாம், திரை தெளியலாம். ஆனால் கேள்வியைக் கேட்பவர் வைத்தியரே. சிசுவின் நிறத்தைப் பார்த்து, மூச்சை எண்ணி, வயிற்றைத் தொட்டு, தாதி கூறுவதைச் செவிமடுத்து, “இக்குழந்தைக்கு என்ன?” என்று உள்ளம் உருகிக் கேட்பவரின் கையிலேதான் அக்கருவிக்குக் கண் பிறக்கின்றது. வாயில்லாப் பிள்ளையும் பிழைக்க வேண்டுமாயின், அதன் உடல் எழுப்பும் எதிரொலியைக் கேட்கப் பொறுமையுள்ள ஒருவர் அருகே இருத்தல் வேண்டும்.